ஐம்பதில் வேலையை விடுவதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு பல கொழுந்துக்காரிகளுக்கு, பழகிய மலையே திடீரென்று செங்குத்தாகிவிடுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, இரவில் வியர்த்துக் கொட்டித் தூக்கம் கலைகிறது, மாதவிடாய் இரண்டு மாதம் வராமலிருந்து மூன்றாம் மாதம் பத்து நாள் கொட்டுகிறது. கேட்ட கிலோ நிறையாமல் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் விழுகிறது. உடனே வீட்டில் பேச்சு எழும்: “வயசு போச்சு, ஈ.பி.எப். காச எடுத்துட்டு நிப்பாட்டிடு.”

அவசரப்படாதீர்கள். பெண்கள் 50 வயதில் வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எப்.) எடுக்கலாம் என்பது உண்மை. எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. ஐம்பதில் பணத்தை எடுத்துவிட்டு அதே மலையில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர்கள் எத்தனையோ பேர். முதலாளி போடும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியின் (ஈ.டி.எப்.) 3 சதவீதமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. உங்களை வேலையை விட வைப்பது வயதா, இரத்தச்சோகையா, சீனி வியாதியா என்று தெரியாமல் அந்த முடிவை எடுப்பது பெரிய நட்டம்.

உடம்பில் நடப்பது இதுதான். மாதவிடாய் முழுதாக நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் ஏறி இறங்கி, பிறகு குறைகிறது. அதனால் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். இன்சுலின் முன்போல வேலை செய்யாது, கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும், எலும்பு வேகமாகத் தேயும், தசை கரையும். நாள் முழுக்க மலையில் நடப்பவர்களுக்குச் சீனி வராது என்று நினைக்க வேண்டாம். ஒல்லியான கையும் காலும், மேடிட்ட வயிறும் நம் ஆட்களின் வாகு. தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே எச்சரிக்கை. தையல்கார அக்காவிடம் நாடா வாங்கி இன்றைக்கே அளந்துவிடலாம்.

அடுத்தது கிளினிக். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் ‘வெல் வுமன்’ கிளினிக் 1996 முதல் நாட்டில் இருக்கிறது. பிரஷர், சீனி, நிறை, மார்பகப் பரிசோதனை எல்லாம் இலவசம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 35, 45 வயதுப் பெண்களைக் குறிப்பாகக் கூப்பிடுவார்கள். அந்த 45 வயது அழைப்பைத் தவறவிடாதீர்கள். உங்கள் பகுதியில் அது எந்த நாள் என்று குடும்பநல உத்தியோகத்தரான மிஸ்ஸிடமோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கேளுங்கள். பிள்ளை பெறும் வயது முடிந்தால் மிஸ்ஸோடு உறவு முடிந்தது என்றொரு நினைப்பு லயங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் பேர் பிரச்சினையைப் பேசித் தீர்ப்பதும் சுலபம்.

அங்கே இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றுச் சீனி 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை சாப்பாட்டை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை. 126ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதிசெய்து வைத்தியம் தொடங்க வேண்டும். ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. அதிகமாகக் கொட்டும் பெண்ணுக்கு இது மிகச் சாதாரணம். நீங்கள் வயதின் மேல் போடும் பழியில் பாதி இதற்குரியது. முடிந்தால் தைரொய்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அதன் களைப்பும் இதே மாதிரிதான் இருக்கும்.

இனிச் சாப்பாடு. நம் வீடுகளில் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் மறுபடி ரொட்டி, இரவு சோறும் ஒரு கறியும். நூறு கிராம் கோதுமை மாவில் புரதம் பத்து கிராம் அளவே. ஐம்பது கிலோ நிறையுள்ள, இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராமாவது வேண்டும், கூடினால் நல்லது. இறைச்சிக்கடைக்குப் போகாமலே இதை நிரப்பலாம். ஐம்பது கிராம் பருப்பில் பன்னிரண்டு, அதே அளவு காய்ந்த பயறை அவித்தால் இன்னொரு பன்னிரண்டு, ஒரு முட்டையில் ஆறு, ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டில் ஏறக்குறைய பதினைந்து. சோயாமீட்டும் கெட்டிக்காரச் சரக்குதான், அதோடு வரும் உப்புப் பக்கற்றை மட்டும் பாதி போடுங்கள். நெத்தலியை ஊறவைத்து உப்பைக் கழுவி முள்ளோடு தின்றால் கல்சியமும் சேரும்.

பெரகலச் சந்திப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. சந்தியிலிருந்து மேலே அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போஞ்சி, கோவா, கரட். கீழே கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் இறங்கினால் குரக்கன், பயறு, கௌபி விளையும் வரண்ட பூமி. கீழேயிருந்து வரும் சரக்கைத்தான் நாம் அதிகம் வாங்குவதில்லை. ரொட்டி மாவில் பாதியைக் குரக்கனாக்கினால் சீனி மெதுவாக ஏறும். நூறு கிராம் குரக்கனில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியமும் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் நட்ட முருங்கையும் வல்லாரையும் காசு கேட்பதில்லை.

தேத்தண்ணி விஷயத்தில் கோபிக்காமல் கேளுங்கள். நாம் பறிக்கிற கொழுந்திலுள்ள தனின் என்ற பொருள் மரக்கறி, பருப்பு, இலைவகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். ரொட்டியோடு குடிப்பதை நிறுத்தி, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்பு மாத்திரையை ஒருநாளும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணி நல்லது. சீனியையும் எண்ணுங்கள். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் நாற்பது கிராமைத் தாண்டும். உலக சுகாதார அமைப்பு நல்லதென்று சொல்வது இருபத்தைந்து கிராம். கரண்டியை ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் சண்டை வரும், வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள்.

மலையில் கக்கூஸ் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் அதிகம். இந்த வயதில் சிறுநீர்ப்பாதை கிருமித் தொற்று எளிதில் வரும், தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசம். கக்கூஸ் இல்லாததைப் பெண்களின் கூச்சத்தில் தள்ளிவிட முடியாது, அது தோட்ட நிர்வாகம் செய்துதர வேண்டிய வசதி. மாதர் சங்கத் தலைவி இதைச் சங்கக் கூட்டத்தில் சம்பளப் பேச்சோடு சேர்த்தே எழுப்ப வேண்டும்.

வான் வண்டியில் வந்து விற்கும் ‘கருப்பை டொனிக்’ போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாதவிடாயில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். கருத்தடை ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் இது பொருந்தும். மாதவிடாய் பன்னிரண்டு மாதம் முற்றாக நின்றபிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அந்த வாரமே தியத்தலாவ ஆஸ்பத்திரிக்கோ பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ பஸ் ஏறிவிடுங்கள்.