வார்டுக்குள் நுழையும் முன்

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில், பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவியே ஆகவேண்டும் என்றார் அங்கு பணியாற்றிய டாக்டர் செம்மல்வைஸ். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம், ஜூனில் சுமார் 2 ஆக இறங்கியது.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் கைதான் முதல் கவனம். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி; சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, ஈரம் உலரும்வரை தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் விரல்நுனியும் எளிதில் விடுபட்டுவிடும். வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்துத் திரும்பினால் சோப்பும் தண்ணீரும்தான். சில கிருமிகள் சானிடைசருக்கு மசிவதில்லை.

“கை கழுவியாச்சா சிஸ்டர்?” என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போனிலேயே நலம் விசாரிக்கலாம்.