பாடகி ஊருக்குப் போயாச்சு, டேக் எங்கே?

வீட்டு ஸ்டுடியோவில் ராத்திரி பகல் பார்க்காமல் பாட்டுப் பண்ணும் தம்பி தங்கைகளே, பேக்கப் எடு என்றால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறீர்கள்: "இந்த மிக்ஸ் முடியட்டும் அக்கா." மிக்ஸ் என்றைக்கு முடிந்திருக்கிறது? உனக்கு நேரமில்லை, தெரியும். அதனால் எல்லாவற்றையும் காப்பாற்று என்று சொல்லப்போவதில்லை. எது போனால் திரும்ப எடுக்க முடியாதோ, அதில் ஆரம்பி.

1. மைக்கில் எடுத்ததுதான் முதலில். கீபோர்டில் வாசித்த ஸ்ட்ரிங்ஸ் போனால் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வாசித்துவிடுவாய். நாதஸ்வரக்காரர் ஒரே மூச்சில் வாசித்த பிட் போனால்? சம்பளம், ஸ்டுடியோ வாடகை எல்லாம் இன்னொரு தடவை. அவருக்குத் தேதி கிடைக்க வேண்டும், அதே பாவம் வர வேண்டும். ஆகவே ரெக்கார்டிங் முடிந்து, வந்தவர் காபி குடித்துக் கிளம்புவதற்குள் அன்றைய டேக் எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் ஏறியிருக்கட்டும். மெமரி கார்டில் எடுத்தாயா? இரண்டு இடத்தில் நகலாகி, அதில் ஒன்றையாவது ஓடவிட்டுக் கேட்கிறவரை கார்டை ஃபார்மேட் பண்ணாதே.

இடம் போதாது என்று சாக்குச் சொல்லாதே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் 40 டிராக் முழுசாக ஓடினாலும் 1.7 ஜிபிதான். 1 டிபி டிஸ்க்கில் இப்படி 500 பாட்டுக்கு மேல் அடங்கும்.

2. ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்பி வைத்து, பேக்கப் எடுத்தாச்சு என்று நினைக்காதே. அது வெறும் சமையல் குறிப்பு. அரிசி பருப்பு எல்லாம் ஆடியோ ஃபோல்டரில் இருக்கிறது. நிறையப் பேர் விழுகிற குழி இதுதான். நண்பன் அனுப்பிய லூப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும், தபேலா சாம்பிள் டெஸ்க்டாப்பில் கிடக்கும். எஃப்எல் ஸ்டுடியோவில் நீ மாற்றி வைக்காவிட்டால், பதிவு செய்த குரல்கூட ப்ராஜெக்டை விட்டு எங்கேயோ 'ரெக்கார்டட்' என்ற ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க ஒவ்வொரு மென்பொருளிலும் வழி இருக்கிறது. நீ தேடி அலைய வேண்டாம்:

- கியூபேஸ்: பேக்கப் ப்ராஜெக்ட்
- ஏபிள்டன் லைவ்: கலெக்ட் ஆல் அண்ட் சேவ்
- எஃப்எல் ஸ்டுடியோ: எக்ஸ்போர்ட் மெனுவில் ஜிப்டு லூப் பேக்கேஜ்
- ப்ரோ டூல்ஸ்: சேவ் காப்பி இன், அதில் ஆடியோ ஃபைல்களுக்கான டிக் விழுந்திருக்கிறதா என்று பார்
- ரீப்பர்: சேவ் ஆஸ் பண்ணும்போது மீடியாவையும் நகலெடுக்கும் டிக்

கியூபேஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தப் பெட்டியில் 'ரிமூவ் அன்யூஸ்டு ஃபைல்ஸ்', 'மினிமைஸ் ஆடியோ ஃபைல்ஸ்' என்று இரண்டு இருக்கும். இடம் மிச்சம் என்று டிக் பண்ணிவிடாதே. பயன்படாத டேக்கும், வெட்டிய துண்டின் முன்பின்னும் நகலில் வராது. இயக்குநர் அடுத்த வாரம் வந்து, "அந்த இரண்டாவது டேக்தான் நல்லா இருந்துச்சு" என்பார். படத்துக்குப் பின்னணி இசை பண்ணுகிறவர்கள் வீடியோவை வேண்டாம் என்று விடலாம். அது எடிட்டரிடம் இருக்கும்.

3. கூகுள் டிரைவில் தானாகவே ஏறிவிடும் என்று நிம்மதியாகத் தூங்காதே. சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே தெரியாமல் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், கவனித்தால் பிழைத்தாய். சிங்க் ஆகிற ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கவும் வேண்டாம். பாதி ஏறிய ஃபைலோடு ப்ராஜெக்ட் குழம்பும். வேலை முடிந்ததும் ஜிப் பண்ணி, தேதி போட்டு ஏற்று, போதும். இசைத்தளத்தில்தான் பாட்டு இருக்கிறதே என்பவர்களுக்கு: 2015 வரை 12 வருடம் மக்கள் ஏற்றிய பாட்டையெல்லாம் சர்வர் மாற்றும்போது இழந்துவிட்டோம் என்று மைஸ்பேஸ் 2019இல் கைவிரித்தது. வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பியதையும் நகல் என்று நம்பாதே. அவசரத்துக்கு அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பு.

4. மூன்று நகல், இரண்டு விதமான இடம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வேலை பார்க்கும் கம்ப்யூட்டர், ஒரு வெளி டிஸ்க், ஒரு கிளவுட். இது போதும். டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதே. ஓசியில் கிடைத்த கிராக் பிளக்இன்னோடு ரான்சம்வேர் வந்தால் சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். (கிராக் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன்: வேண்டாம்.) மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் வைத்திருந்தால் இஜெக்ட் பண்ணாமல் பிடுங்காதே, அது சீக்கிரம் கெட்டுப்போகிற வகை.

5. எடுத்த பேக்கப்பைத் திறந்து பார். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது பிக்ஸாரில் தவறான ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு நகல் வைத்திருந்தார். அதை வைத்துத்தான் மீட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே இந்தக் கதி. மாதம் ஒரு தடவை வெளி டிஸ்க்கில் இருக்கும் ஏதாவது ஒரு ப்ராஜெக்டை வேறு கம்ப்யூட்டரில் திற. 'ஃபைல் மிஸ்ஸிங்' என்று கேட்டால் இரண்டாவது குறிப்பைப் படி.

6. பெயர். "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் கடைசி"... போதும்பா! பாட்டின் பெயர், தேதி, எண். பெரிய மாற்றத்துக்கு முன்னால் புது எண்ணில் சேமி. கியூபேஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ் சேர்த்து அழுத்தினால் தானே எண் போட்டுக்கொள்ளும்.

7. பாட்டு முடிந்ததும் ஸ்டெம் எடு. ஒவ்வொரு டிராக்கையும் முதல் பாரிலிருந்து 24 பிட் வேவ் ஃபைலாக இறக்கு. குரலுக்கு எஃபெக்ட் இல்லாத பிரதி ஒன்று தனியாக. கூடவே மிடி ஃபைல், டெம்போ, சுருதி எழுதிய சின்னக் குறிப்பு. ஏன் என்கிறாயா? இன்றைக்கு இருக்கும் பிளக்இன் நாளைக்கு இருக்காது. 2019இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருள் மொத்தத்தையும் ஓடவிடாமல் நிறுத்திவிட்டது. வேவ் ஃபைல் எந்த மென்பொருளிலும் திறக்கும்.

வாங்கிய பெரிய சாம்பிள் லைப்ரரிகளை இத்தோடு சேர்த்துச் சுமக்காதே. அவற்றைத் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம். லைசென்ஸ் விவரம் பத்திரமாக இருந்தால் சரி.

8. போயே போய்விட்டால். கை பதறி அதே டிஸ்க்கில் எதையும் சேமிக்காதே, மீட்பு மென்பொருளையும் அதில் இன்ஸ்டால் பண்ணாதே. அழிந்த இடத்தின் மேலேயே போய் எழுதிவிடும். எஸ்எஸ்டி என்றால் மீட்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் தட்டிப் பார்க்காமல் மின்சாரத்தை நிறுத்து, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டு போ. "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கிறேன்" என்று ஆரம்பிக்காதே.