சின்னச் சக்கரம், பெரிய சக்கரம்

மாணவர்களே! 28 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிளில் பழகியவர், 16 அங்குலச் சக்கரமுள்ள மடக்கு சைக்கிளில் முதன்முறை ஏறினால் சற்றுத் திடுக்கிடுவார். ஹேண்டில்பாரை இலேசாக அசைத்தாலே வண்டி சட்டெனத் திரும்பும். ஒரு கையை எடுத்தால் ஆட்டங்காணும். ஏன்?

"சுழலும் சக்கரம் பம்பரம் போன்றது, அதனால்தான் சைக்கிள் விழுவதில்லை" என்பது வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் விடை. கணக்கிட்டுப் பார்ப்போம். நிறை முழுவதும் ரிம்மில் இருப்பதாகக் கொண்டால்,

கோண உந்தம் = நிறை × ஆரம் × வண்டியின் வேகம்.

ஆரம் பாதியானால் ரிம்மின் நீளமும், அதனால் நிறையும் பாதியாகும். ஆகவே அதே வேகத்தில் கோண உந்தம் கால் பங்குதான். அப்படியானால் சின்னச் சக்கர வண்டி விழ வேண்டுமல்லவா?

பிரிட்டிஷ் அறிவியலாளர் டேவிட் ஜோன்ஸ் இதைச் சோதித்து 1970-இல் எழுதினார். முன்சக்கரத்தின் அருகே, தரையைத் தொடாத மற்றொரு சக்கரத்தைப் பொருத்தி எதிர்த்திசையில் சுழலவிட்டார். பம்பர விளைவு நீங்கியது. ஆனால் அவரால் அந்த வண்டியை எளிதாக ஓட்ட முடிந்தது! கைகளை விட்டு ஓட்டுவதுதான் கடினமாக இருந்தது.

அவர் சுட்டிக்காட்டிய முக்கிய காரணம் வேறு. ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய் சாய்வானது. அதன் கோட்டைத் தரை வரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளியைப் பின்தங்கு தூரம் என்போம். இது இருப்பதால், வண்டி சாயும் பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்பி, சாய்வைச் சரிசெய்ய முயல்கிறது.

குழாயின் சாய்வு 72 டிகிரி, போர்க்கின் முன்வளைவு 4.5 செ.மீ. எனக் கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. ஆனால் பின்தங்கு தூரம் 6.6 செ.மீ.; ஆரம் 20 செ.மீ. ஆனால் வெறும் 1.8 செ.மீ.! முன்வளைவை 2 செ.மீ. ஆகக் குறைத்தால் அது 4.4 செ.மீ. ஆக உயரும். சக்கரம் சிறிதானாலும் வடிவமைப்பால் ஓரளவு ஈடுகட்டலாம் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் குழியில் சிறிய சக்கரம் அதிக ஆழம் இறங்கும். எனவேதான் 1962-இல் வெளிவந்த மோல்ட்டன் சைக்கிளில், 16 அங்குலச் சக்கரங்களுடன் அதிர்வுதாங்கிகளும் இருந்தன.

கதை இத்துடன் முடியவில்லை. பம்பர விளைவும் பின்தங்கு தூரமும் இல்லாமலே, ஆளின்றித் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியை ஆய்வாளர்கள் 2011-இல் உருவாக்கிக் காட்டினர். எடை எங்கே அமைந்துள்ளது என்பதும் முக்கியம்!

செய்து பாருங்கள்: சைக்கிளை நிறுத்தி, இருக்கையை மட்டும் பிடித்து இடப்பக்கம் சாயுங்கள். ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்புகிறது? சக்கரம் சுழலவே இல்லையே. பின் திருப்பியது எது?