தேவசகாயம் என்னும் பெயர்

அல்வாலில் பள்ளிப் பதிவேட்டில் லாசர் எனப்படும் சிறுவன், விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குச் சென்றால் பாட்டிக்குத் தேவசகாயம் ஆகிவிடுவான். இவ்விரண்டில் எது அவனுடைய உண்மையான பெயர்? இரண்டுமே, ஏனெனில் அவை ஒரே பெயர்.

எபிரேய மொழியில் ‘எல்’ என்றால் கடவுள். ‘அசர்’ என்றால் உதவினார். இரண்டும் இணைந்த எலெயாசார் என்னும் பெயர் விவிலியத்தில் ஆரோனின் மகனுக்கு வழங்குகிறது. அதுவே கிரேக்க மொழியில் லாசரோஸ் எனச் சுருங்கியது. இயேசு உயிர்ப்பித்த பெத்தானியா ஊரினரின் பெயரும் இதுதான்.

தமிழர் இப்பெயரின் ஓசையை மட்டுமன்றிப் பொருளையும் எடுத்துக்கொண்டனர். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு லாசர் என்பதன் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்னும் பெயர் இடப்பட்டது. புதிய சமயத்தைக் கைவிட மறுத்த அவர், 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இவ்வாறே, இலத்தீனில் ‘சிறியவர்’ எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். ‘கடவுள் அருளினார்’ எனப் பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். இவற்றுள் அருளப்பர் என்பதன் பொருளைத் தெலுங்கு நண்பருக்கு விளக்கித்தான் சொல்லவேண்டும். தேவசகாயத்திற்கு அது தேவையில்லை. தேவன், சகாயம் ஆகிய வடசொற்கள் தெலுங்கிலும் வழங்குகின்றன.

பயிற்சி: உம் பெயரின் பொருளை வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.