வீட்டுப் பாதுகாப்பு: குப்பி விளக்கு கற்றுத்தரும் பாடம்



விபத்துகளைத் தவிர்த்தல் என்ற பகுதியை உங்களில் பலர் கடைசி வாரத்தில்தான் புரட்டுகிறீர்கள். "தீ, மின்சாரம், நஞ்சு, வீழ்தல்" என்று நான்கு சொற்களை எழுதி விடுவீர்கள். "சமூக வேலைத்திட்டம் ஒன்றை உதாரணத்துடன் விளக்குக" என்று கேட்டால் பேனை நின்றுவிடும். அதற்கான சிறந்த உதாரணம் நமது நாட்டிலேயே உண்டு.

மின்சாரம் இல்லாத வீடுகளில் வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைத் தகரக் குழாயில் செருகி விளக்காகப் பயன்படுத்தினர். போத்தல் உயரமானது, இலேசானது. பிள்ளையின் கை பட்டாலே சரிந்து உருளும். திரிக்குழாய் கழன்று எண்ணெய் சிந்தும், உடையில் தீப்பற்றும். இவ்வாறு எரிகாயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியர் விஜய கொடகும்புர, காயத்தை மருந்திடுவதோடு நின்றுவிடவில்லை. 1990களின் ஆரம்பத்தில் "சுதீப" என்ற பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். மாமைட் போத்தலின் குட்டையான வடிவமே அவருக்கு வழிகாட்டியது.

அதன் அம்சங்களைக் காரணத்துடன் படியுங்கள். குட்டையாகவும் பாரமாகவும் இருப்பதால் எளிதில் சரியாது. இரு பக்கங்கள் தட்டையானவை, ஆகவே சரிந்தாலும் உருளாது. மூடி திருகி மூடப்படுவதால் எண்ணெய் கொட்டாது. கண்ணாடி தடிப்பானதால் விழுந்தாலும் இலகுவில் உடையாது. (புவியீர்ப்பு மையம் பற்றி விஞ்ஞானப் பாடத்தில் படித்தது இங்கேயும் உதவும்.)

கண்டுபிடிப்பு மட்டும் வேலைத்திட்டமாகாது. விளக்கைக் குறைந்த செலவில் பெருமளவில் செய்வித்து, வறிய குடும்பங்களுக்குக் கிடைக்கச் செய்து, ஆபத்தையும் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். இம்முயற்சிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. "கவனமாக இருங்கள்" என்று தாயிடம் நூறு முறை சொல்வதைவிட, சரியாத விளக்கு ஒன்றைக் கொடுப்பது பலன் தரும் என்பது என் கருத்து. விடையிலும் இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள்.

"இப்போது எல்லா வீட்டிலும் கரண்ட் இருக்கிறதே, சேர்" என்று கெலிஓயா வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் நீடித்தபோது என் வகுப்புப் பிள்ளைகளே மெழுகுதிரியிலும் குப்பி விளக்கிலும் படித்தார்கள். எரிவாயுத் தட்டுப்பாட்டால் விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் திரும்பி வந்தன.

மண்ணெண்ணெயினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால் சிறுபிள்ளை பானம் என எண்ணிக் குடித்துவிடும். அப்போது வாந்தியெடுக்கச் செய்யவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று பெரும் பாதிப்பை ஏற்படுத்தும். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கெலிஓயாவிலுள்ளோருக்கு பேராதனை சிறுவர் வைத்தியசாலை தூரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எரிகாயத்துக்குப் பற்பசை, நெய் பூசுவது தவறு. ஓடும் குளிர்நீரில் 20 நிமிடங்கள் பிடிக்க வேண்டும். ஐஸ் வைக்க வேண்டாம். மோதிரம், வளையலை வீக்கம் ஏற்படுமுன் கழற்றுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது, நிலத்தில் உருள வேண்டும். சமையல் எரிவாயு வளியைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சுவிச்சைத் தொடாமல் ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

பயிற்சி: உங்கள் கிராமத்தில் வீட்டு விபத்துகளைக் குறைக்க, குடும்ப நல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பாடசாலை ஆகிய மூன்று தரப்பினரும் செய்யக்கூடியவற்றைத் தனித்தனியே எழுதுக. (குறிப்பு: குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வருபவர். மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்கே இருக்கிறது என்பதை நேரில் காணக்கூடியவர் அவரே. இதிலிருந்து தொடங்குங்கள்.)