டைனமோ காலத்துச் சோதனைகள் ஆல்டர்னேட்டருக்கு ஆகாது

சிறிய டீசல் என்ஜின் பொருத்திய படகில் ஜிபிஎஸ், விஎச்எஃப், எக்கோ சவுண்டர், இரவு விளக்கு எல்லாமே பேட்டரியை நம்பி இருக்கின்றன. பேட்டரியோ ஆல்டர்னேட்டரை நம்பி இருக்கிறது. அதை வீட்டிலேயே சோதிக்கச் சிலர் சொல்லித்தரும் வழிகள் பழைய டைனமோ காலத்தவை. டைனமோவுக்குள் டயோடு கிடையாது, ஆல்டர்னேட்டருக்குள் உண்டு. இதை மறந்தால் பழுதைத் தேடப் போய்ப் பழுதை உண்டாக்கிவிடுவோம்.

நம்பிக்கை 1: ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுங்கள். என்ஜின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது.

உண்மை: பெட்ரோல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கில் பொறி வேண்டும், பொறிக்கு மின்சாரம் வேண்டும். டீசல் அப்படியல்ல. அழுத்திச் சூடேறிய காற்றில் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. சிறிய படகு என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் பம்ப்பும் என்ஜினின் சுழற்சியிலேயே இயங்குகிறது. ஆல்டர்னேட்டர் செத்துக் கிடந்தாலும் என்ஜின் ஓடும். எனவே இந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை, கேடு மட்டும் செய்யும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் பேட்டரி விலகினால் வோல்டேஜ் கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்கு எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் கருகும். ஜிபிஎஸ்ஸும் விஎச்எஃபும் கூடவே போகலாம்.

நம்பிக்கை 2: பெரிய டெர்மினலை ஸ்குரூடிரைவரால் பாடியில் தட்டினால் பொறி பறக்க வேண்டும்.

உண்மை: அந்த டெர்மினல் பேட்டரியின் பாசிட்டிவோடு சேர்ந்தே இருக்கிறது. என்ஜின் நின்றிருந்தாலும் பொறி பறக்கும், அது பேட்டரியின் கரண்ட். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அதன் பக்கத்தில் பொறி பறக்க விடுவது வெடிப்பை வரவழைப்பதாகும்.

நம்பிக்கை 3: கழற்றி எடுத்துக் கையால் சுற்றினால் மல்டிமீட்டர் அசைய வேண்டும். அசையாவிட்டால் காயில் போச்சு.

உண்மை: பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்குள் நிலைக்காந்தம் இல்லை. சுழலும் ஃபீல்டு காயிலுக்கு முதலில் சிறிது கரண்ட் கொடுத்தால்தான் காந்தம் பிறக்கும். படகில் அந்தக் கரண்ட் பெரும்பாலும் சார்ஜ் லைட் வழியாக வருகிறது. அந்த பல்பு ஃபியூஸ் போனாலே நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம்.

வீட்டில் செய்வதென்றால் ஆல்டர்னேட்டரை வைஸில் இறுக்கிப் பிடியுங்கள். முழுதாகச் சார்ஜான பேட்டரியின் பாசிட்டிவைப் பெரிய டெர்மினலிலும் நெகட்டிவைப் பாடியிலும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் டயோடுகள் அப்போதே கருகும். சார்ஜ் லைட் டெர்மினலை 12 வோல்ட், 2 அல்லது 3 வாட் பல்பு வழியாகப் பாசிட்டிவோடு இணையுங்கள். டெர்மினல் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பாருங்கள். நிற்கும்போது பல்பு எரிய வேண்டும். புல்லி நட்டில் டிரில் மாட்டிச் சுற்றும்போது அணைய வேண்டும்.

நம்பிக்கை 4: மீட்டரில் 14 வோல்ட் வந்துவிட்டால் முழு நலம்.

உண்மை: 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. ஆனால் லோடு இல்லாமல் வரும் வோல்டேஜ் பாதிக் கதைதான். 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் முழுதாக உழைத்தால் 770 வாட். உள்ளே வீணாவதையும் சேர்த்தால் அதைச் சுற்ற ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறன் வேண்டும். வீட்டு டிரில்லால் அது முடியாது. எனவே விளக்குகளைப் போட்டுவிட்டு, என்ஜின் வேகத்தை ஏற்றி, வோல்டேஜ் நிலைக்கிறதா என்று பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை ஏசிக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று ஜோடி டயோடுகளில் ஒன்று அறுந்தாலும் 14 வோல்ட் வரும், ஆம்பியர்தான் குறையும்.

நம்பிக்கை 5: பேட்டரி ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

உண்மை: உப்புக் காற்று முதலில் தின்பது இணைப்புகளை. பச்சை பூத்த டெர்மினல், தளர்ந்த எர்த் வயர், வழுக்கும் பெல்ட் எல்லாமே ஆல்டர்னேட்டர் பழுது போலவே தோன்றும். லோடு ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய டெர்மினலிலும் மறுமுனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் வயரில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் அப்படியே பாருங்கள்.

நம்பிக்கை 6: சோதிக்கத்தானே, சிறிது நேரம் தண்ணீர் இல்லாமல் ஓட்டலாம்.

உண்மை: கடல்நீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரைக் குளிர்விப்பதும் வழுக்க வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். வறண்டு ஓடினால் அது விரைவில் கிழியும். உறிஞ்சு குழாயை நீர் நிறைந்த வாளியில் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஓட்டாதீர்கள், புகையில் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பெல்ட் பக்கம் லுங்கி நுனியோ துண்டோ தொங்கக் கூடாது.

முதலில் பெல்ட், அடுத்து இணைப்புகள், பிறகு பேட்டரி, அதன்பின் லோடோடு வோல்டேஜ் என்ற வரிசையில் போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் புது ஆல்டர்னேட்டரைவிட மிகவும் மலிவு. படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை வாங்கிப் பழகிக்கொள்ள வேண்டும். கரையில் தவறவிட்ட பழுதுக்குக் கடலில் மெக்கானிக் கிடைக்கமாட்டார்.