டார்ச் கட்டையின் கருப்புப் பொடியில் மறுபடி சார்ஜ் ஏறுமா?

டார்ச் லைட் கட்டையின் படத்தை நாம் எல்லோரும் வரைந்திருக்கிறோம். வெளியே துத்தநாக உறை, நடுவில் கார்பன் தண்டு, சுற்றிலும் கருப்புப் பொடி. சட்டையில் பட்டால் லேசில் போகாதே, அந்தப் பொடியில்தான் மாங்கனீஸ் டை ஆக்சைடு இருக்கிறது. 1866-ல் பிரான்ஸ் நாட்டு லெக்லாஞ்சே செய்த மின்கலத்திலும் இதே ஜோடிதான்.

கட்டை தீர்ந்தால் தூக்கிப் போடுகிறோம். ஆனால் இதே ஜோடியைத் துத்தநாக சல்பேட் கலந்த தண்ணீரில் வைத்தால், சார்ஜ் ஏறும் மின்கலம் செய்யலாம். செல்போன் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் தீப்பிடிக்கும். தண்ணீர் பிடிக்காது!

சிக்கல் பிளஸ் முனையில்தான் இருக்கு. (மின்கலம் வேலை செய்யும்போது பிளஸ்தான் கேத்தோடு. மின்னாற்பகுப்புப் பாடத்தோடு குழப்பிக்காதீங்க.) அயனிகள் அந்தப் பொடிக்குள் போய் வர வேண்டும். பெரிய துகளின் நடுப்பகுதிக்கு அவை சீக்கிரம் போய்ச் சேராது. அதனால் துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்குகிறார்கள். 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 100 நானோமீட்டர் துண்டுகளாக வெட்டினால், மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர்! நானே இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

ஆனா இங்கேதான் வம்பு. மின்சாரம் எடுக்கும்போது மாங்கனீஸில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்துவிடும். பரப்பு கூடினால் கரைவதும் கூடும். கல் உப்பை விடத் தூள் உப்பு சீக்கிரம் கரையுதில்லையா, அது மாதிரி. ஆக, சிறிதாக்குவது மட்டும் போதாது.

2016-ல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகக் குழு ஒரு வழி காட்டியது. மாங்கனீஸ் டை ஆக்சைடை நானோ இழைகளாகச் செய்து, தண்ணீரில் முன்கூட்டியே மாங்கனீஸ் சல்பேட் கலந்துவிட்டார்கள். ஏற்கனவே மாங்கனீஸ் இருக்கும் தண்ணீரில் மேலும் கரைவது குறையும். 5000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 92 சதவீதக் கொள்ளளவு மிச்சம்! இழைக்குள் போவது துத்தநாக அயனியா, ஹைட்ரஜன் அயனியா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

அதே ஆண்டு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழு வனேடியம் ஆக்சைடை வைத்துச் செய்தது. அதுவும் நன்றாக உழைக்கும், ஆனால் வோல்ட் குறைவு. அதனால என் ஓட்டு கருப்புப் பொடிக்குத்தான்.